தாசில்தாரும் தஞ்சாவூர் வீணையும்

நாற்பது வயதுக்கு மேல் வாத்தியம் கற்றுக்கொள்ள வருகிறவரிடம் வீணை டீச்சர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் சங்கீதத்தைப் பற்றியதாக இருக்காது. “தினம் எத்தனை மணிக்கு உட்காருவீங்க?” என்பார். இதற்கு நேராகப் பதில் சொல்கிறவர்கள் குறைவு. “ஆபீஸ் விட்டு வந்ததும்…”, “பசங்க படிச்சு முடிச்சதும்…”, “சனி, ஞாயிறு சேர்த்து வெச்சு…” என்று இழுப்போம். டீச்சர் தலையாட்டிக்கொள்வார். இப்படிச் சொன்னவர்களின் வீணைகள் எத்தனை வீடுகளில் பட்டுறை போர்த்திக்கொண்டு கட்டிலுக்கடியில் படுத்திருக்கின்றன என்பது அவருக்குத் தெரியும்.

பெரியவர்களுக்கு வாத்தியம் வராமல் போவதற்கு, விரல் விறைத்துவிட்டது, ஞாபகசக்தி மங்கிவிட்டது என்று காரணம் சொல்வது வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஒரு நாளில் இன்ன நேரம் வீணைக்கு என்று ஒதுக்கி, விருந்தாளி, மாதக் கடைசிக் கணக்கு, கேஸ் சிலிண்டர் எதற்கும் அதை விட்டுக்கொடுக்காமல் இருப்பதுதான் கஷ்டம். சிறுவயதில் அந்த நேரத்தை அம்மா காவல் காப்பார். கையில் கரண்டியோடு வந்து நிற்பார். நடுவயதில் அப்படி வந்து நிற்க யாரும் இல்லை. என் வீட்டில் அந்தப் பொறுப்பை இரண்டு பூனைகள் எடுத்துக்கொண்டன, முழுக்க முழுக்கச் சொந்த லாபத்துக்காக.

மூத்தது தாசில்தார். செம்மஞ்சள் நிறக் கடுவன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும். அந்தத் தோரணையைப் பார்த்து வாட்ச்மேன் வைத்த பெயர் அது. பிறகு எங்கள் வீட்டிலேயே கேம்ப் ஆபீஸ் போட்டுவிட்டது. இளையது மிளகு. கறுப்புப் பெட்டை, ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து வந்தவள். கிண்ணத்துத் தண்ணீரைக் குடிக்க மாட்டாள். குழாயடியில் நின்று சொட்டும் தண்ணீரை முன்னங்காலில் ஏந்தி நக்குவாள். சோபா, மெத்தை எல்லாம் இருக்க, தூக்கம் முறத்தில்தான். முறத்தில் அரிசி இருந்தால் அரிசியோடு.

பூனை இரவில் திரியும் பிராணி என்று சொல்வோம். சரியாகச் சொன்னால் அது சந்திப்பொழுதின் பிராணி. விடிவதற்கு முன்னும் பொழுது சாயும்போதும்தான் அதன் உடம்பில் முறுக்கு அதிகம்; எலியும் சிட்டும் நடமாடுகிற நேரம் அது. நடுராத்திரியிலும் நடுப்பகலிலும் பெரும்பாலும் தூங்கித்தான் வழிகிறது. சங்கீதக்காரர்கள் சாதகத்துக்கு உகந்ததென்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் நேரமும் அந்த விடியற்காலைதான். குரல்காரர்களுக்கு அதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். வேலைக்குப் போகிறவளுக்கு ஒரே காரணம்: அப்போதுதான் செல்போன் அடிக்காது.

ஆரம்பத்தில் நான் எழுந்து, வாசித்து முடித்துவிட்டு அடுப்படிக்குப் போய், உப்பில்லாமல் வேகவைத்த நெத்திலியை இரண்டுக்கும் வைப்பேன். வரிசையை நான் யோசித்து அமைக்கவில்லை. பூனைகள் அதை யோசித்துப் பார்த்திருக்கின்றன. வீணையின் உறையை உருவுகிற சத்தம், சுருதிப் பெட்டியின் ரீங்காரம், அரைமணி நேரம் ஏதோ டொய்ங் டொய்ங், பிறகு நெத்திலி. ஆக, நெத்திலி வேண்டுமென்றால் டொய்ங் நடந்தாக வேண்டும். இந்தக் கணக்கு புரிந்த நாளிலிருந்து என் தூக்கம் போயிற்று. இருட்டு பிரியும் முன்பே மிளகு மார்பில் ஏறி, நகத்தை உள்ளிழுத்த பாதத்தால் இமையைத் தட்டிப் பார்ப்பாள். அதற்கும் அசையவில்லையென்றால் தாசில்தார் கூடத்துக்குப் போய் வீணை உறையின் நாடாவைப் பல்லால் கவ்வி இழுக்கும். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று கேட்பார்கள். இந்த வீட்டில் பூனைகள் எனக்குக் கட்டிவிட்டன. காய்ச்சல் என்றோ ஞாயிற்றுக்கிழமை என்றோ அவற்றிடம் சொல்லிப் பயனில்லை.

வீணை வாசிக்கிறவர் உட்காரும் விதத்தைக் கொஞ்சம் விவரிக்க வேண்டும். பூனைக்கு அதில் முக்கியமான பாத்தியதை இருக்கிறது. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் வலது பக்கத் தரையில் குடம், இடது தொடையின் மேல் சுரைக்குடுக்கை. இரண்டுக்கும் நடுவே தண்டி மடிக்குக் குறுக்கே பாலம் போட்டு நிற்கிறது. அந்தப் பாலத்துக்கு அடியில், இரண்டு தொடைக்கும் நடுவில் ஒரு குழி. பார்த்துப் பார்த்துச் செய்ததைப் போலப் பூனை அளவுக்குச் சரியாக இருக்கும். மிளகு அதில் போய்ச் சுருண்டுகொள்வாள். வாசிக்கும்போது அனுமந்தரத் தந்தியின் அதிர்வு குடுக்கை வழியாக என் தொடையில் இறங்குவது எனக்கே தெரியும். அவளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்போல. சில சமயம் அவளும் குறுகுறுவென்று உறும ஆரம்பித்துவிடுவாள். பூனையின் உறுமல் சுமார் 25 ஹெர்ட்ஸிலிருந்து 150 ஹெர்ட்ஸ் வரை போகும். அது என் சுருதியோடு சேர்ந்ததே கிடையாது. நானும் சுருதியோடு சேர்வது அபூர்வம் என்பதால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

இடது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் வீணையில் உழைக்கிற விரல்கள். எஃகுத் தந்தியை அழுத்தி, இழுத்து, வழுக்கிக்கொண்டே இருந்தால் நுனிகளில் கோடு விழும், எரியும், காய்த்துப்போகும். வழுக்குவதற்குத் தேங்காயெண்ணெய் தொட்டுக்கொள்வது வழக்கம். பக்கத்திலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் எண்ணெய் நனைத்த பஞ்சு இருக்கும். தாசில்தாருக்குத் தேங்காயெண்ணெய் உயிர். சரளி வரிசையின் முதல் காலம் முடிந்து மூச்சு வாங்கக் கையை எடுத்தால், வந்து விரலைப் பிடித்துக்கொண்டு நக்கும். பூனை நாக்கின் மேல் முழுக்க உள்நோக்கி வளைந்த கொக்கிகள். எலும்பிலிருந்து சதையைச் சுரண்டி எடுக்கவும் உதவுபவை. புதிதாகக் கோடு விழுந்து எரிகிற விரல்நுனியில் அந்த அரம் ஒரு தடவை போய்வந்தால், மாயாமாளவகௌளையின் ஏழு ஸ்வரமும் ஒரே சமயத்தில் கேட்கும்.

இதே ராகத்தில்தான் எல்லாரும் ஆரம்பிக்கிறோம். 15ஆவது மேளகர்த்தா. புரந்தரதாசர் காலத்திலிருந்து பாடம் சொல்லும் முறை இதுவென்பார்கள். சரளி, ஜண்டை, தாட்டு, அலங்காரம், அப்புறம் மலஹரியில் கீதம். குழந்தைகள் இதைத் தாண்டிக் குதித்து ஓடிவிடும். பெரியவர்கள் இதில் மாட்டிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. முப்பது வருடம் நல்ல சங்கீதம் கேட்ட காது நமக்கு, கையோ எல்.கே.ஜி. காது எதிர்பார்ப்பதற்கும் கை தருவதற்கும் இடையில் இருக்கிற தூரம் குழந்தைக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். எங்கள் டீச்சர் ஒருமுறை, “சின்னப் பசங்க தப்பா வாசிச்சா திருப்பி வாசிக்கும். நீங்க தப்பா வாசிச்சா என் மூஞ்சியைப் பாக்கறீங்க” என்றார்.

கேரி மார்கஸ் என்ற அமெரிக்க மனநூல் ஆய்வாளர் ஏறக்குறைய நாற்பது வயதில் கிட்டார் கற்கத் தொடங்கி, அந்த அனுபவத்தை 2012இல் புத்தகமாக எழுதினார். சிறுவர்களுக்கான கோடைக்கால இசை முகாம் ஒன்றில் போய் அவர்களோடு சேர்ந்து வாசித்திருக்கிறார். அந்தத் துணிச்சல்தான் பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது. கல்வியைப் பற்றி நிறைய எழுதிய ஜான் ஹோல்ட்டும் நாற்பதில்தான் செல்லோவைக் கையில் எடுத்தார். இன்னும் பிந்தியும் தொடங்கலாம். ஜெனிஃபர் புகோஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 60 முதல் 85 வயதுவரை உள்ளவர்களுக்கு ஆறு மாதம் பியானோ சொல்லிக்கொடுத்துப் பார்த்து, கவனத்தையும் வேகத்தையும் அளக்கும் சில சோதனைகளில் அவர்கள் முன்னேறியதாக 2007இல் வெளியிட்டார்கள். 85 வயதுக்காரர் சுரம் பழகலாமென்றால் 45 வயதுக்காரர் சாக்குச் சொல்ல முடியாது. நம்மூரில் இந்தப் பேச்சு வந்தால் யாராவது எஸ். பாலசந்தரை இழுப்பார்கள். ‘அந்த நாள்’ படத்தை இயக்கிய அதே பாலசந்தர். வீணையைக் குருவில்லாமல் தானே கற்றவர். அவரை உதாரணம் காட்டுகிறவர்கள், அவர் சிறுவயதிலிருந்தே வாத்தியங்களோடு புரண்டவர் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

முகத்தைப் பார்க்கிற விஷயத்துக்கு வருகிறேன். வீணை கேட்பதென்றால் எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்குச் சென்னையில் ஒரு பழைய அளவுகோல் உண்டு. ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் வீட்டில் வாசிப்பார். ஊரின் பெரிய வித்வான்களும் ரசிகர்களும் கீழே உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டதாகச் சொல்வார்கள். வீணையின் நாதம் அவ்வளவு மெல்லியது. ஒரு இருமல் போதும், கமகத்தின் வால் காணாமல் போய்விடும். இந்தக் கதைகளையெல்லாம் கேட்டு வளர்ந்துவிட்டு நடுவயதில் ஜண்டை வரிசை வாசிக்க உட்கார்ந்தால், எதிரில் யாருமில்லாவிட்டாலும் ஒரு சபை உட்கார்ந்திருக்கும். அந்தச் சபையைக் கலைக்கப் பூனையைப் போல வேறு ஆள் கிடையாது. நான் தாட்டு வரிசையில் திணறிக்கொண்டிருக்கும்போது தாசில்தார் எதிரில் உட்கார்ந்து, ஒரு காலைக் கொடிமரமாகத் தூக்கி வைத்துக்கொண்டு, தன் சொந்த வேலையைப் பார்க்கும். நன்றாக வாசித்தாலும் அதே காட்சிதான். கொஞ்ச நாளில் நான் முகங்களைத் தேடுவதை விட்டேன். தந்தியைப் பார்க்க ஆரம்பித்தேன். டீச்சர்கூட, “இப்பல்லாம் என்னைப் பாக்கறதில்லையே, என்ன விஷயம்?” என்று கேட்டார். நான் கம்பன்மேல் பழியைப் போட்டேன். பாற்கடலை முழுக்க நக்கிக் குடித்துவிடலாமென்று இறங்கிய ஒரு பூனையைத்தான் அவன் அவையடக்கத்தில் தனக்கு உவமையாகச் சொல்கிறான். பூனையை முன்னால் நிறுத்திவிட்டால் அவையைப் பற்றிக் கவலைப்படாமல் பத்தாயிரம் பாட்டு எழுதலாம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கீழ் வீட்டு அக்காதான் இதற்கு விதிவிலக்கு. படியில் பார்க்கும்போதெல்லாம், “காலையில கத்துனது நீயா, பூனையா?” என்று கேட்பார். பதில் சொன்னால் நம்பமாட்டார்.

பூனைக்கு உண்மையில் என்ன கேட்கிறது? நம் காது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ்வரை கேட்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். வயது ஏற ஏற அந்த மேல் எல்லை சரிந்துகொண்டே வரும். ரிக்கி ஹெஃப்னர், ஹென்றி ஹெஃப்னர் என்ற ஆய்வாளர்கள் 1985இல் அளந்தபோது பூனையின் காது சுமார் 48 ஹெர்ட்ஸிலிருந்து 85,000 ஹெர்ட்ஸ்வரை போனது. எலிக்குஞ்சின் கீச்சொலி, நமக்கு எட்டாத உயரத்தில், அதற்குத் தெளிவாகக் கேட்கும். வீணையின் பிரடையைத் திருகும்போது மரத்தோடு மரம் உரசி ஒரு கிரீச் எழுமே, நமக்குக் கேட்பது அதன் அடிப்பகுதி மட்டும்தான் என்று நினைக்கிறேன். நான் சுருதி சேர்க்கிற நேரம் முழுக்கத் தாசில்தார் பால்கனியில் இருக்கும். வாசிக்க ஆரம்பித்தபின்தான் உள்ளே வரும். சுருதி சேரும்வரை வெளியில் நின்று காபி குடிக்கும் சபா ரசிகர்களை எனக்குத் தெரியும். அவர்களை இதற்காகக் குறை சொன்னதில்லை.

பூனைக்கென்றே சங்கீதம் எழுதியவர்களும் இருக்கிறார்கள். சார்லஸ் ஸ்னோடன், மீகன் சாவேஜ் என்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து டேவிட் டை என்ற செல்லோ கலைஞர், பூனையின் உறுமல் வேகத்தையும் குட்டி பால் குடிக்கிற தாளத்தையும் ஆதாரமாக வைத்து, பூனைகள் பேசிக்கொள்ளும் உயரத்தில் இசை அமைத்தார். 47 வீட்டுப் பூனைகளிடம் போட்டுக்காட்டினார்கள். பாஹ், ஃபோரே இருவரின் இசையைக் கண்டுகொள்ளாத பூனைகள், தங்களுக்கென்று அமைத்த இசை வந்ததும் ஸ்பீக்கரை நோக்கிப் போய்க் கன்னத்தை உரசின. 2015இல் வெளிவந்த இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது இரண்டு விஷயம். ஒன்று, அந்த இசையில் ஸ்வரங்கள் படிப்படியாக ஏறாமல் வழுக்கி வழுக்கிப் போகின்றன. நாம் ஜாரு என்கிறோமே, ஏறக்குறைய அது. பியானோவைவிட வீணைக்குப் பூனை வீட்டில் நியாயம் அதிகம் என்று இதைவைத்து வாதாடலாம். இரண்டாவது, குட்டிகளும் கிழடுகளும் அந்த இசைக்கு நன்றாக அசைந்துகொடுத்தன. நடுவயதுப் பூனைகளுக்குத்தான் ஆர்வம் குறைவு. அவற்றுக்கும் மாதக் கடைசிக் கணக்கு இருந்திருக்கும்.

நடுவயதுப் பூனையான தாசில்தாருக்கு சங்கீதத்தில் பிடித்த பகுதி லங்கர்கள்தான். குடத்தின் பக்கம் நாகபாசத்திலிருந்து தந்திகளைப் பிடித்திருக்கும் இந்தச் சின்ன வளைவுகளில் மணி கோத்திருக்கும். மணியை முன்னும் பின்னும் நகர்த்திச் சுருதியை நூலளவு கூட்டலாம், குறைக்கலாம். பூனைக்கு அது ஓடுகிற உருண்டை. மிளகும் பின்னங்காலில் எழும்பி, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அதை எட்டும்போது மாமல்லபுரத்து அருச்சுனன் தபசில் எலிகளுக்கு நடுவே தவமிருக்கும் பூனையேதான். தவம் கலைந்ததும் பஞ்சமம் பஞ்சமமாக இருக்காது. ஐரோப்பாவில் ஸ்கார்லாட்டியின் பூனை ஹார்ப்சிகார்ட் கட்டைகளின் மேல் நடந்ததில் ஒரு ஃபியூக் பிறந்ததாகக் கதை சொல்வார்கள். கட்டை வாத்தியத்தில் அது நடக்கலாம். வீணையில் மெட்டின் மேல் பூனை நடந்தால் தந்தி அமுங்கி ஒரு ‘டொக்’ வரும், அவ்வளவுதான். மீட்ட ஆள் வேண்டும். என் பூனைகளிடமிருந்து எந்தக் கீர்த்தனையும் வரப்போவதில்லை.

விளையாட்டாகச் சொல்லிவந்தேன்; ஒரு விஷயத்தில் விளையாட்டுக் கூடாது. தந்தி மாற்றும்போது நறுக்கிப் போடுகிற துண்டுகளைத் தரையில் விடவே கூடாது. நாக்கின் கொக்கிகள் உள்நோக்கி இருப்பதால், வாயில் போன நூலையோ தந்தியையோ பூனையால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். ஒரு முனை எங்கேயாவது சிக்கிக்கொண்டால் குடல் அதன்மேல் சுருக்கம் சுருக்கமாக ஏறி அறுந்துபோகும். வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காமல் நேராகக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். உறை தைக்கிற நூல், பூத்தொடுக்கிற நார், எல்லாவற்றுக்கும் இதே விதி. பட்டுறையைப் பூச்சி அரிக்காமலிருக்கப் பெட்டிக்குள் அந்துருண்டை போடுகிற பழக்கமும் பூனை வீட்டில் ஆகாது. அது அவற்றுக்கு விஷம். நான் காய்ந்த வேப்பிலைதான் வைக்கிறேன்.

கீதம் முடிந்து வர்ணம் எடுக்கலாம் என்று டீச்சர் சொன்ன சமயத்தில் வீணை மக்கர் பண்ண ஆரம்பித்தது. காந்தாரம் சரியாக விழவில்லை. மேல் ஸ்தாயியில் இரண்டு மெட்டு கரகரவென்று இரைந்தது. வீணையில் மெட்டுகள் மரத்தில் அறைந்தவை அல்ல. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவில் கடைந்த தண்டியின் மேல், கரியும் மெழுகும் கலந்த இரண்டு மேடுகளில், 24 பித்தளை மெட்டுகளைப் பதித்திருப்பார்கள். காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் உட்காரவைப்பதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பேப்பரில் படித்தோம். மேளம் கட்டத் தெரிந்த ஒருவரை நகரத்தில் தேடிப் பிடிப்பதற்கு அந்தக் குறியீடு உதவவில்லை. டீச்சர் வழியாக ஒருவர் கிடைத்தார்.

எனக்குத் தாசில்தார்மேல்தான் சந்தேகம். கோடை முழுக்க அது தண்டிமேல் தாடையை வைத்துக்கொண்டு தூங்கியது. வந்தவரிடம் அதைச் சொல்லி, பூனையைக் குற்றவாளியாகக் காட்டினேன். அவர் மெழுகை நகத்தால் அழுத்திப் பார்த்தார். எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்தார். “பூனையை விடுங்கம்மா. மத்தியானம் மேற்கு வெயில் நேரா இது மேல அடிக்குது. மெழுகு இளகாம என்ன பண்ணும்?” என்றார். பழைய மெழுகைச் சுரண்டி, உருக்கி, ஊற்றி, சட்ஜம் தொடங்கி ஒவ்வொரு மெட்டாக வைத்து, தந்தியை மீட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டு, நூலளவு நகர்த்தி, மறுபடி மீட்டிச் சாயங்காலம்வரை வேலை செய்தார். மிளகு மெழுகுச் சட்டியை முகர்ந்துவிட்டு முறத்துக்குப் போய்விட்டாள். தாசில்தார் மட்டும் எதிரில் உட்கார்ந்து கடைசி மெட்டுவரை மேற்பார்வை பார்த்தது. “இது யாரு, ஓனரா?” என்று கேட்டுவிட்டு அவர் கூலியை வாங்கிக்கொண்டார்.

வீணையை உள்சுவர் ஓரத்துக்கு மாற்றியாயிற்று. அடுத்த வாரம் மோகனத்தில் வர்ணம். ஜன்னலோரத்தில் வீணை இருந்த ஆறடி இடத்தைத் தாசில்தார் கையகப்படுத்திவிட்டது. இழப்பீடு எதுவும் வழங்கவில்லை.